ஊர்ப் புறம்போக்கில் கிராவல் குவாரி வந்தால்: நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊர் எதிலாவது இருக்கிறீர்களா? உங்கள் ஊர்ப் புறம்போக்கில் யாராவது சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா? அப்படியானால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். டிப்பர் வந்த பிறகு செய்ய முடிவது கொஞ்சம்தான். கல் நட்டதற்கும் முதல் டிப்பர் வருவதற்கும் நடுவில் செய்ய முடிவது நிறைய இருக்கிறது. எனக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார், மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது, பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். எந்த அலுவலகத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொரு இடத்திலும் அவமானப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் கடலாடி வட்டத்தில் சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில், கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே இருக்கிறது. எங்கள் தோப்பில் பனைதான் அதிகம், தென்னை கொஞ்சம், கல் கட்டிய பழைய கிணறு ஒன்று. தோப்பை ஒட்டி மேய்ச்சல் புறம்போக்கு. பனையும் உடை மரமும் நிற்கிற மேட்டு நிலம். மழைக் காலத்தில் அந்த மேட்டில் இறங்கும் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஊரணிக்குப் போகும். ஊர் ஆடுகள் எல்லாம் அங்கேதான் மேயும். மேல்மண்ணுக்குக் கீழே செம்மண் கலந்த கிராவல் இருக்கிறது. ரோடு போடுகிறவர்களுக்கு வேண்டியது அதுதான்.

நம் கரையில் குழி தோண்டுவது மதுரைப் பக்கம் குழி தோண்டுவது மாதிரி இல்லை. இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் இலேசானது, அதனால் மேலே நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரர்கள் சொல்லும் கணக்கு. மேலே அந்த ஓர் அடி இறங்கினால் கீழிருந்து 40 அடி உப்பு ஏறும். குழி தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டால், திறந்து கிடக்கிற தண்ணீரைச் சித்திரை வெயில் தினமும் உறிஞ்சும், மட்டம் இறங்கும். ஊற்றில் சிரட்டையால் மோந்து குடம் நிரப்புகிற பெண்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் எவ்வளவு ஆழம் தோண்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டு கை மண் அதிகம் எடுத்தால் தண்ணீர் கரிக்கும் என்பார்கள்.

போன வருடம் கார்த்திகையில் கல் நட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டேன். "ரோட்டு வேலைக்குக் கிராவல்மா. மேல இருந்து உத்தரவு வந்துருச்சு. அரசாங்க இடம்தானே, உங்க பட்டாவுல யாரும் கை வைக்கலையே" என்றார். பொங்கல் கழிந்ததும் இரண்டு பொக்லைனும் வரிசையாக டிப்பரும் வந்துவிட்டன. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு விளக்குப் போட்டு ஓட்டினார்கள். ஊருக்குள் நுழையும்போது முதலில் தெரிகிற இடம் அது. நான் கல்யாணமாகி வந்தபோது பனங்கூட்டமாகத் தெரிந்த அந்த மேடு, மாசி பிறப்பதற்குள் நேர்க்கோட்டில் அறுத்த சிவப்புச் சுவராகிவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி அதைப் பார்க்கிறபோதெல்லாம் தொண்டை அடைக்கும்.

மாசியில் பதநீர் இறக்கத் தொடங்கினோம். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி வெள்ளையாக இருக்கும். அந்த வருடம் பதநீரை வடித்தால் கலயத்தின் அடியில் விரல் அகலத்துக்குச் செம்மண் வண்டல் படிந்திருந்தது. வடிகட்டுகிற துணி காவி ஏறிப்போனது. எத்தனை முறை வடித்தாலும் கருப்பட்டியைக் கடித்தால் நறநறவென்று மண். வழக்கமாக எடுக்கிற வியாபாரி இரண்டு சிப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். பனையேறுகிற அண்ணன், "இனி இந்த வருசம் வேண்டாம் தாயி" என்று கலயங்களைக் கழற்றி வைத்துவிட்டார். அவருக்கும் எனக்கும் அந்தப் பருவமே போனது.

பங்குனியில் கிணறு கரிக்க ஆரம்பித்தது. போர் போடுகிறவர், கிணற்றுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று உறுதியாகச் சொன்னார். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். வந்தது முழுக்க உப்பு. கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்புதான் கூடும் என்பதை இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். கிணறு கரித்தால் அந்தப் பணத்தைப் போரில் கொட்டாதீர்கள். அதற்குப் பதில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பேனா மாதிரி இருக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல் நட்ட உடனேயே கிணறு, ஊரணி, ஊற்று மூன்றிலும் அளந்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு தடவையாவது குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சான்று வாங்கிவிடுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். என் கிணறு 2600-ஐத் தாண்டியது. ஆனால் குவாரி வருவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று காட்ட என்னிடம் தாள் இல்லை. "உங்க பக்கம் எப்பவுமே உப்புத் தண்ணிதானேம்மா" என்று ஓர் அதிகாரி ஒரே வரியில் முடித்துவிட்டார். நன்றாக இருந்த கிணற்றை எப்போதும் உப்பு என்று சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கை நடுங்கியது.

திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். பதில் வந்தது: உரிய அனுமதி பெற்றே குவாரி நடைபெறுகிறது. மறுபடி மனு, மறுபடி அதே வரி. ஒரு வழக்கறிஞர் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு நோட்டீஸ் ஒன்று அனுப்பினார், அதோடு சரி. ஊரில் சித்தப்பா முறை உள்ளவரே, "புருசன் வெளிநாட்டுல இருக்கயில உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். குவாரியில் வேலைக்குப் போகிற பையன்கள் வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். இரவு போனில் வீட்டுக்காரரிடம் அழுதிருக்கிறேன். அவர் என்ன செய்வார், அங்கேயிருந்து?

வழி திறந்தது தகவல் உரிமைச் சட்டத்தில்தான். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது. "குவாரிக்கு அனுமதி உண்டா" என்று கேட்டால் "உண்டு" என்ற ஒற்றைச் சொல் வரும். அதனால் ஆவணங்களின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: குத்தகை உத்தரவு, அதோடு சேர்ந்த நிபந்தனைகள், சுரங்கத் திட்டம், நான்கு மூலையின் அட்சரேகை தீர்க்கரேகை போட்ட வரைபடம், சுற்றுச்சூழல் அனுமதி, இதுவரை கொடுத்த நடைச்சீட்டுகளின் (ஒவ்வொரு லோடுக்கும் தருகிற அனுமதிச் சீட்டு) எண்ணிக்கை, கட்டிய உரிமத் தொகை. புல எண்ணுக்கான வரைபடத்தையும், அந்த நிலம் என்ன வகை என்று காட்டுகிற அ-பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சுற்றுச்சூழல் அனுமதி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குவாரி மேற்பார்வையாளர் என்னிடம், "ரோட்டு வேலைக்கு மண்ணு எடுக்க அதெல்லாம் தேவையில்லக்கா, மத்திய அரசே விலக்கு குடுத்துருக்கு" என்றார். அப்படி ஒரு விலக்கு 2020 மார்ச் 28-ல் வந்தது உண்மை. சாலை மாதிரியான திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன் அனுமதி வேண்டாம் என்றார்கள். ஆனால் 2024 மார்ச் 21-ல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்துவிட்டது (2025 மார்ச்சில் நிபந்தனைகளோடு புதிய விலக்கு ஒன்று வந்திருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்). அதற்கும் முன்னால், 2012 பிப்ரவரியிலேயே, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டு தேதியையும் மனுவில் எழுதிய பிறகு என்னிடம் பேசுகிற குரலே மாறியது.

எங்கள் குவாரிக்கு அனுமதி இருந்தது. பிரச்சினை அதில் எழுதியிருந்ததற்கும் தரையில் நடந்ததற்கும் இடையில் இருந்தது. ஆழம் இரண்டு மீட்டர் என்று எழுதியிருந்தது. பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர் விட வேண்டும், வரத்துக்காலைத் தொடக் கூடாது, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்துத் திரும்பப் பரப்ப வேண்டும், தூசு அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும், சாலை ஓரம் மரம் வைக்க வேண்டும் என்றும் இருந்தது. இதையெல்லாம் படித்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. நான் கேட்க நினைத்ததை எல்லாம் யாரோ முன்னாலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, அலமாரியில் வைத்திருந்தார்கள்.

அளப்பதற்கு வழி குழியிலேயே இருந்தது. பனையை வெட்டச் சட்டச் சிக்கல் என்பதால் சில மரங்களைச் சுற்றி மட்டும் மண்ணை விட்டு மற்றதைத் தோண்டியிருந்தார்கள். குழிக்கு நடுவே மண் திட்டின்மேல் பனை நிற்கும், வேர் பக்கவாட்டில் தொங்கும். பார்க்கச் சகிக்காது. ஆனால் பழைய தரைமட்டம் அந்தத் திட்டின் உச்சியில் அப்படியே இருக்கிறது. திட்டின் மேலிருந்து டேப்பைத் தொங்கவிட்டுப் பையனைப் பிடிக்கச் சொன்னேன். பல இடங்களில் பதினொரு அடி, அனுமதித்தது ஆறரை அடி. அளவு தெரிகிற மாதிரி, தேதியும் இடமும் பதிகிற செயலியில் போட்டோ எடுத்து வைத்தேன். லோடு கணக்கும் கஷ்டமில்லை. ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழம் என்றால் 43,560 கன அடி, அதாவது 435 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பரில் 145 நடை. பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி, கொடுத்த நடைச்சீட்டு எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தானாகவே தெரியும்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். மே முதல் தேதி நான் எழுந்து பேசியபோது முதலில் சலசலப்புதான். அப்போது கடல் தொழிலுக்குப் போன ஒரு பெரியவர் எழுந்தார். "கீழக்கரைக்கு நேர இருந்த பூவரசன்பட்டித் தீவை நான் பாத்துருக்கேன். சுண்ணாம்புக்காகக் கடல்ல கல்லு வெட்டி வெட்டியே தீவு தண்ணிக்குள்ள போச்சு. அப்பவும் அரசாங்கக் கடல்தானேன்னுதான் சொன்னோம்" என்றார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இப்படிப் பவளப்பாறை வெட்டியதால் மூழ்கியவை. சபை அமைதியானது. பேச்சை நிறுத்தியிருந்த வீட்டுப் பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். தீர்மானத்தை "குவாரியை எதிர்க்கிறோம்" என்று எழுதவில்லை. உத்தரவில் இருந்த நிபந்தனைகளை வரிசையாக எழுதி, அதோடு நாங்கள் கேட்பவற்றையும் சேர்த்தோம். வேலை எப்படி நடக்க வேண்டும் என்று கேட்டதால்தான் அது ஆய்வு வரை போனது என்று நினைக்கிறேன். வேலை நிற்குமோ என்று பயந்த பையன்களும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

ஆய்வுக்கு அதிகாரிகளோடு ஒப்பந்தக்காரரின் இன்ஜினியரும் வந்தார், சின்னப் பையன். அவர் தனியாக என்னிடம் சொன்ன ஒரு விஷயத்துக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். "அக்கா, மிஷின் இங்க நிக்கும்போது இதெல்லாம் செலவே இல்ல. டிரைவர்கிட்ட எப்படி வெட்டணும்னு சொன்னாப் போதும். மிஷின் போயிட்டா திரும்ப டிரெய்லர்ல ஏத்திக் கொண்டுவர யாரும் காசு தர மாட்டாங்க." ஆகவே கேட்பதை எல்லாம் வேலை தொடங்கும் முன், இல்லாவிட்டால் மிஷின் இருக்கும்போதே கேளுங்கள்.

என்ன கேட்கலாம்? சாலைப் பக்கம் ஒரு பட்டை நிலத்தை மரம் புதரோடு தொடாமல் விடச் சொல்லுங்கள். தூசும் அங்கே கொஞ்சம் நிற்கும், குழியும் கண்ணில் படாது. வண்டிப் பாதை ஒன்றே ஒன்று, அதுவும் நேராக இல்லாமல் வளைந்து உள்ளே போக வேண்டும். நேராகப் போட்டால் ரோட்டிலிருந்து குழி முழுதும் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், வெட்டிய குழி வெளியே தெரிந்ததும் கோழிக் கழிவு ஏற்றிய வண்டிகள் இரவில் வர ஆரம்பித்தன. அடுத்த புல எண்ணுக்குக் கல் நடும்போது "ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே" என்ற பேச்சும் வந்தது. முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் திறக்காமல் பகுதி பகுதியாக வெட்டி, முதல் பகுதியை மூடிய பிறகு அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள். ஓரங்களைச் செங்குத்தாக விடக் கூடாது. ஓர் அடி உயரத்துக்கு மூன்று அடி நீளம் என்ற சரிவு வேண்டும், விளிம்பும் நேர்க்கோடாக இல்லாமல் நிலத்தின் போக்கில் வளைய வேண்டும். என் வெள்ளாடு ஒன்று செங்குத்து ஓரம் சரிந்து விழுந்து செத்தது. ஐப்பசி மழையில் குழி நிறைந்தால் அதே ஓரத்தில் பிள்ளைகள் இறங்குவார்கள் என்ற பயத்தில் எனக்கு ஆவணி முழுக்கத் தூக்கமில்லை. சரிவு போட்டு முடிகிற வரை வேலி கேளுங்கள்.

மேல்மண் விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருங்கள். மேலே ஓர் அடி மண்ணில்தான் கொழுஞ்சி, அருகு, உடை எல்லாவற்றின் விதையும் வேரும் இருக்கிறது. எங்கள் இடத்தில் முதலில் வெட்டிய பகுதியின் மேல்மண் தோட்டங்களுக்கு விற்கப்பட்டுப் போய்விட்டது, அதற்கு ஈடே கிடையாது. பிறகு வெட்டியதை ஆறடிக்கு மேல் போகாமல் குவிக்க வைத்தோம். உயரமாகக் குவித்தால் அடியில் உள்ள மண் காற்றில்லாமல் செத்துவிடும். குவியல் வரத்துக்காலில் சரியாத இடத்தில் இருக்க வேண்டும். திரும்பப் பரப்பும் முன் பொக்லைன் பல்லால் குழித் தரையைக் கிளறிவிட வேண்டும், ஏனென்றால் டிப்பர் ஓடி ஓடித் தரை சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். அப்படியே மண்ணைப் போட்டால் வேர் இறங்காது.

மழைக்கு முன் தென்பக்கமும் சாலைப் பக்கமும் சரிவு போட்டு மண் பரப்பினார்கள். வரத்துக்காலை வெட்டிச் சேர்த்தார்கள். விளக்குப் போட்டு ஓட்டுவது நின்றது, தார்ப்பாய் இல்லாமல் டிப்பர் போவது குறைந்தது. கூடுதலாக எடுத்ததற்கு அபராத நோட்டீஸ் போயிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. ஆவணியில் பனம்பழம் விழுந்ததும் நானும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சரிவு நெடுகப் பனங்கொட்டை ஊன்றினோம். மண் ஈரமாக இருக்கும்போது சீமைக் கருவேல நாற்று கையோடு வரும், வாரம் ஒரு தடவை பிடுங்கினோம். முதல் மழையில் விட்டுவிட்டால் அது நிலத்தை எடுத்துக்கொள்ளும், வேறெதுவும் வராது.

தண்ணீர், கருப்பட்டி, போர், வழக்கறிஞர், பஸ், ஆய்வகம் என்று எனக்குப் போனது ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் குறையாது. கிணறு மழைக்குப் பின் 1800-க்கு இறங்கியிருக்கிறது. குடிக்க இன்னும் குடம் காசுக்குத்தான் வாங்குகிறோம். வடபக்கச் செங்குத்துச் சுவர் அப்படியே நிற்கிறது, பனைத் திட்டுகளும் அப்படியே. அடுத்த புல எண்ணில் நட்ட கல்லுக்கு இந்தத் தடவை டிப்பர் வருவதற்கு முன்பே தகவல் உரிமை மனு போய்விட்டது. ஊரணி, ஊற்று, நான்கு வீட்டுக் கிணறு எல்லாவற்றின் தண்ணீர்ச் சான்றும் மனுவோடு இணைத்திருக்கிறோம். உங்கள் ஊரில் கல் நட்டிருந்தால், தண்ணீரை அளப்பதிலிருந்து தொடங்குங்கள்.